சட்டைதூக்கி சைராகுல்

சைராகுலுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி கொடுத்தால் விளிம்பில் ஒட்டிக்கொள்வாள், பஸ் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிடப் போகிற மாதிரி. சாரி-கெச்சுவுக்கு பஸ்ஸே கிடையாது. நாரின் நகரத்துக்கு மேலே, மலை இனி ஏற முடியாது என்று நின்றுவிட்ட இடத்தில் அறுபத்து மூன்று வீடுகள். அவற்றுக்கு நடுவில் இரண்டு அறையும் ஒரு கரி அடுப்பும் ஒரு எடைத்தராசும் தடுப்பூசி வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜும் உள்ள சுகாதார நிலையம். அதில் இருபத்தெட்டு வருஷமாக இவள் ஒருத்திதான். படித்தது ஃபெல்ட்ஷர் படிப்பு. டாக்டருக்குக் கீழே, நர்ஸுக்கு மேலே. டாக்டர் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் அந்தக் கீழே மேலே எல்லாம் யாருக்கு வேண்டும்?

ஊர் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் சட்டைதூக்கி. குழந்தைக்குக் காது வலி என்று கூட்டிப் போனாலும் "சட்டையைத் தூக்கு" என்பாள். வயிற்றுவலி என்றாலும் சட்டை. பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனைக்கு வந்தவள் வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேர் சட்டையையும் தூக்கச் சொல்லி, பல்லைப் பார்க்க மறந்துவிட்டுப் போனாள் என்று ஒரு கதை உண்டு. அது பாதிதான் பொய்.

அவளுடைய வீட்டுக்காரன் மாம்பெத் கால்நடை மருத்துவன். அவன் சொல்வான்: "என் பேஷண்டுங்க சட்டையே போடறதில்ல. பொய்யும் சொல்றதில்ல. ஆட்டுக்கு இருமல்னா ஆடு இருமும். அதை ஒளிச்சு வைக்க எந்த ஆட்டுக்கும் மாமியாரும் நாத்தனாரும் கிடையாது."

இந்தச் சட்டைப் பைத்தியம் அவளுக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். காய்ச்சல், வாந்தி, வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டால் அலறல். புதுப் படிப்பு, புது ஸ்டெதஸ்கோப். சைராகுலுக்குச் சந்தேகமே வரவில்லை. குடல்வால் என்று எழுதி, வைக்கோல் லாரியில் ஏற்றி, மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய், "சீக்கிரம் அறுங்க" என்று சர்ஜனையே விரட்டினாள். அந்தக் கிழவர் அந்தப் பெண்ணின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இவளைப் பார்த்தார். "வயித்தை அறுக்கறதுக்கு முன்னாடி நெஞ்சைக் கேட்கணும்னு உங்க காலேஜ்ல யாரும் சொல்லலையாம்மா?" வலது நுரையீரலின் அடிப்பகுதி முழுக்க நிமோனியா. சீழ் இருந்தது நெஞ்சில்; அழுதது வயிறு.

அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அதன்பிறகு எத்தனையோ பார்த்துவிட்டாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று வந்த பையனுக்கு நுரையீரலின் மேல்நுனியில் நோய். உடம்பெல்லாம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, நாக்கு சிவந்து கிடக்கிறது, ஏதோ தின்றுவிட்டான் என்றார்கள், தொண்டையில் கிருமி. பால் குடிக்கவில்லை, வேறு ஒன்றுமில்லை என்று கொண்டுவந்த இரண்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லை, உடம்பு சில்லென்றிருந்தது. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு மூச்சு. ஒரே மாதிரி இருமி, ஒரே மாதிரி காய்ந்து, புத்தகத்தில் போட்டபடி வந்து நின்ற குழந்தையை அவள் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் சட்டை. தூக்கி, விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்த்து, கைக்கடிகாரத்தை வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுவாள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது.

ஆனால் ஒரே ஒரு தடவை அவள் சட்டையைத் தூக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஊரின் மேற்கோரத்து வீட்டு மருமகள் ஷாயிர். கணவன் ருஷ்யாவில் கட்டட வேலை. வீட்டை நடத்துகிறவள் கணவனின் அக்கா குமுஷ். அந்த வீட்டில் காற்றுகூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். ஷாயிருக்கு முதலில் ஒரு பெண், மீரிம். அதற்கப்புறம் ஒரு பிள்ளை பிறந்த வாரமே போனது. அடுத்தது ஒரு பையன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவனுக்கு இருபதாம் நாள், சைராகுல் பார்க்கப் போனாள். நாற்பது நாள் முடிகிற வரை பச்சைக் குழந்தையை வெளி ஆள் பார்ப்பது இங்கே யாருக்கும் பிடிக்காது. என்றாலும் அரசாங்க ஆள் என்று உள்ளே விட்டார்கள். குழந்தை மரத்தொட்டிலில், கையும் காலும் பட்டையால் கட்டி, மேலே துணிக்கு மேல் துணி போட்டு, பாதி முகம் மட்டும் தெரியத் தூங்கியது. வீடு நிறையப் பெரியவர்கள். "தூங்கற பிள்ளையை எழுப்பாதேம்மா" என்றார் யாரோ. டீ ஊற்றினார்கள். சைராகுல் புறங்கையால் நெற்றியைத் தொட்டாள். சூடு இல்லை. "நல்லா இருக்கான்" என்றாள்; டீயைக் குடித்தாள்; வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் குழந்தை தொட்டிலிலேயே அடங்கிப்போனது.

"உன் கண்ணு பட்டுடுச்சு" என்று குமுஷ் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் காதுபட அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். வாயாடியான சைராகுலின் வாயை அடைத்தது அந்தப் பழி இல்லை. உண்மை அந்தப் பழியைவிட மோசமாக இருந்தது, அதுதான்.

இந்த ஜனவரியில் ஷாயிருக்கு மறுபடி பையன். தொக்தோசுன் என்று பெயர் வைத்தார்கள். 'நின்றுவிடட்டும்' என்று அர்த்தம். பிள்ளைகள் தங்காத வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் பெற்று மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் குமுஷ் கதவைச் சாத்தினாள். நாற்பது முடிகிற வரை யாரும் வரக்கூடாது. சட்டைதூக்கி வரவே கூடாது.

முப்பத்தாறாம் நாள். மேலே ஆட்டுப்பட்டியில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தது. பனியில் குதிரை ஏறிப் போன சைராகுல், பட்டி வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்த இருமலைக் கேட்டாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினாறு இருமல், நடுவில் மூச்சே இல்லாமல். அப்புறம் சேவல் கூவுகிற மாதிரி ஒரு நீளமான உள்மூச்சு. அப்புறம் வாந்தி. மூலையில் கம்பளிக்குள்ளிருந்து முகத்தைத் தூக்கிய குழந்தையின் கண்வெள்ளையில் இரத்தப் பொட்டு. ஷாயிரின் மகள் மீரிம்.

"இவ எங்க இங்க?"

பட்டிக்காரி ஆட்டுக்குத் தீனி கலப்பதில் மும்முரமாகிவிட்டாள். "சும்மா வந்திருக்கா. வைக்கோல் தூசி."

"தூசிக்கு இப்படிக் கூவுமா? எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும். ஒரு வாரமாத்தான் இங்க." பட்டிக்காரி குரலைத் தாழ்த்தினாள். "குமுஷ் அக்காதான் கொண்டுவந்து விட்டாங்க. நீலக்கக்கல்னு ஊருக்குத் தெரிஞ்சா நாற்பதாம் நாள் விருந்துக்கு ஒரு நாய்கூட வராதுன்னு..."

கக்குவான் இருமலை இங்கே நீலக்கக்கல் என்பார்கள். இருமி இருமிக் குழந்தை நீலமாகிவிடுவதால். மீரிமுக்குத் தடுப்பூசி பாதிதான் போட்டது. மீதி போட வேண்டிய கோடையில் குடும்பம் மேய்ச்சலுக்குப் போய்விட்டது. இரண்டு வாரம் அந்தக் குழந்தை தம்பியோடு ஒரே அறையில் இருமியிருக்கிறாள். சைராகுல் அவளுக்கு முதல் வேளை மருந்தைக் கொடுத்தாள், பட்டி வீட்டில் மற்ற எல்லோருக்கும் கொடுத்தாள். அந்தக் குதிரையை அவள் அன்றைக்கு விரட்டிய விரட்டுக்கு மாம்பெத் பிறகு இரண்டு நாள் அதன் காலுக்கு ஒத்தடம் போட வேண்டியிருந்தது.

குமுஷ் கதவை ஒரு சாண் திறந்தாள்.

"அக்கா, மீரிமைப் பார்த்துட்டு வரேன். அது நீலக்கக்கல். சின்னவனை நான் பார்க்கணும்."

"இன்னும் நாலு நாள் இருக்கு. அப்புறம் வா."

"நாலு நாள் தாங்காது அக்கா."

"ஏன் தாங்காது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அவன் இருமினதில்ல. பூனைக்குட்டி மாதிரி தூங்கறான். இப்படி ஒரு சாதுப் பிள்ளையை நான் பார்த்ததே இல்ல."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. பெரிய பிள்ளைங்க இருமும். இத்துனூண்டு பிள்ளைக்கு இரும பலம் ஏது? இருமாது. மூச்சை நிறுத்திடும். தூங்கற மாதிரிதான் தெரியும்."

"வாயைக் கழுவு! வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசற? போன தடவை பார்த்தியே, போதாதா?"

குமுஷின் தோளுக்குப் பின்னால், அறையின் இருட்டில், ஷாயிர் நின்றாள். தலைத்துணியின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டு ஒரு தரம் இருமினாள். கண்ணைத் தூக்கி சைராகுலைப் பார்த்தாள், உடனே தாழ்த்திக்கொண்டாள். வீட்டுக்கு மூத்தவள் பேசும்போது மருமகள் குறுக்கே பேசுகிற வழக்கம் இங்கே இல்லை.

அந்த வீட்டில் எல்லோருக்குமாகச் சைராகுல் மருந்தை நீட்டினாள். குமுஷ் அதைச் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் வாங்கினாள். அது அடுப்புக்குப் பின்னால்தான் போகும் என்று இருவருக்குமே தெரியும்.

அடுத்த மூன்று நாளும் சைராகுல் பட்ட பாடு சொல்லி மாளாது. ஊரில் ஃபோன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் இடுகாட்டு மேடு. ஒரு நாளைக்கு நாலு தரம் அதில் ஏறினாள். மாவட்டத்துக் குழந்தை டாக்டர் களைத்த குரலில் ஒன்றைத்தான் சொன்னார்: "எப்படியாவது கொண்டு வாங்க. நான் அங்க வர முடியாது, இங்க ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்க." ஊர்த்தலைவர் தாடியைத் தடவினார். "நாற்பது முடியட்டுமேம்மா, ஏன் ஊரைப் பகைச்சுக்கற?" அந்த வீட்டு வழியே காரணமில்லாமல் நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். நாய்கூட அவளைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டால் நிம்மதி. கேட்காவிட்டால் மறுபடி ஒரு சுற்று நடப்பாள். கதவை உடைத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு மனம். போய், குழந்தை நன்றாக இருந்துவிட்டால்? அல்லது அவள் பார்த்த மூன்றாம் நாள் போய்விட்டால்? அப்புறம் இந்த ஊரில் ஒரு தாயும் தன் பிள்ளையின் சட்டையை அவள் கையில் கொடுக்க மாட்டாள். அந்தப் பயம் அவளுக்கு இருந்தது. இருந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த மாம்பெத் விழித்தபோது அவள் கடிகாரத்தோடு அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோடதான் இருக்கேன். சந்தேகமா இருந்தா அந்தத் தொத்திறைச்சியைக் கொண்டா, நிரூபிக்கிறேன்."

"பதினாலு. உனக்குப் பதினாலு மூச்சு. அந்தப் பையனுக்கு எத்தனையோ!"

மாம்பெத் எழுந்து உட்கார்ந்தான். சிரிப்பு போய்விட்டது. "நாற்பதாம் நாள் விருந்துன்னா வந்த ஆளை வாசல்ல நிறுத்த முடியாது. யாரா இருந்தாலும் உள்ள விட்டே ஆகணும். நீ போ. நான் வெளியில ஜீப்பை ஓடவிட்டு வச்சிருக்கேன். இந்தக் குளிர்ல நிறுத்தினா நாளைக்குத்தான் கிளம்பும்."

நாற்பதாம் நாள் காலையிலேயே வெயில் அடித்தது, ஆனால் பனி உருகவில்லை. மேற்கோரத்து வீட்டில் எண்ணெயில் மாவு பொரிகிற வாசம், கொப்பரையில் ஆட்டுக்கறி. இருபது இருபத்தைந்து பெண்கள். சைராகுல் கூப்பிடாமல் நுழைந்ததும் பேச்சு அறுந்தது. குமுஷின் முகம் இறுகியது. ஆனாலும் ரொட்டியை நீட்டினாள், சைராகுல் பிட்டு வாயில் போட்டாள். வழக்கம் வழக்கம்தான். ஜன்னலுக்கு வெளியே பழைய ருஷ்ய ஜீப் கிழட்டு ஒட்டகம் மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

அன்றைக்குக் குழந்தையை நாற்பது மரக்கரண்டித் தண்ணீரால் குளிப்பாட்டுவார்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் எல்லாப் பெண்களும் சேர்ந்து உரக்க எண்ணுவார்கள். நாற்பது நாளும் மூடிக்கிடந்த உடம்பு அன்றைக்குத்தான் எல்லோர் முன்னாலும் துணியில்லாமல் வெளியே வரும். இதற்காகத்தான் சைராகுல் வந்திருந்தாள்.

அடுப்பங்கரை அறை கதகதவென்றிருந்தது. ஷாயிர் கேத்தலோடு குளிப்பாட்டும் பாத்திரத்தின் அருகே நின்றாள். குமுஷ் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, குழந்தையை அதில் கிடத்தி, கரண்டியை எடுத்தாள். குழந்தையைப் பார்த்ததும் சைராகுலின் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. மெலிந்திருந்தான். நாற்பது நாளில் ஏற வேண்டிய எடை ஏறவில்லை. விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ளே இழுத்தது.

"ஒண்ணு!" என்றார்கள் பெண்கள். தண்ணீர் விழுந்தது. "ரெண்டு! மூணு!"

அவர்கள் கரண்டியை எண்ணினார்கள். அவள் மூச்சை எண்ணினாள். அவளுடைய எண்ணிக்கை அவர்களுடையதைத் தாண்டி ஓடியது. அவர்கள் பத்து என்றபோது அவளுக்கு இருபத்துமூன்று. மிக வேகம். யாரோ வேடிக்கையாக ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். "பதினஞ்சு! பதினாறு!" குழந்தை முகத்தைச் சுளித்தான், வாயைத் திறந்தான். இருமப் போகிறான் என்று நினைத்தாள். இருமவில்லை. நாக்கு லேசாக வெளியே வந்தது. அவளுடைய எண்ணிக்கை நின்றுவிட்டது.

"பதினேழு!"

வயிறு அசையவில்லை. பச்சைக் குழந்தை சில சமயம் ஐந்தாறு நொடி மூச்சு விடாமல் இருக்கும், அது சகஜம். பொறு, என்று தனக்குச் சொன்னாள்.

"பதினெட்டு! பத்தொம்போது! இருபது!"

ஒரு கரண்டிக்கு இரண்டு நொடி. இன்னும் அசையவில்லை. கடிகாரம் ஓடியது. அறையே கலகலவென்று எண்ணிக்கொண்டிருந்தது. உதட்டைச் சுற்றிச் சாம்பல் பூத்தது.

"இருபத்திமூணு!"

"நிறுத்துங்க! மூச்சு இல்ல! பிள்ளைக்கு மூச்சு இல்ல!"

"நடுவுல பேசாதே!" குமுஷின் கரண்டி நிற்கவில்லை. "பாதியில நிறுத்தினா ஆயுசும் பாதியில நிக்கும். கண்ணை மூடித் தூங்கறான், பார்த்தா தெரியல? இருபத்திநாலு!"

மற்றவர்கள் யாரும் இப்போது எண்ணவில்லை. குமுஷ் மட்டும் தனியாக "இருபத்தஞ்சு" என்றாள். சைராகுல் முன்னே பாய்ந்தாள். இடையில் இரண்டு கிழவிகள், ஒரு கணப்பு. அப்போது கேத்தல் தரையில் விழுந்து உருண்டது. ஷாயிர் குமுஷின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டப் பிள்ளையை அள்ளி, நீட்டிய சைராகுலின் கையில் வைத்தாள்.

"இதுக்கு முன்னாடியும் இப்படி ஆச்சு அக்கா," என்றாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. "நாலு தடவை. பால் குடிக்கும்போது ரெண்டு தடவை. நான் யார்கிட்டயும் சொல்லல."

சைராகுல் குழந்தையை முன்கையில் கவிழ்த்து முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றுமில்லை. மல்லாத்தி, வாயில் இருந்த கோழையை விரலில் சுற்றிய துணியால் வழித்து, மோவாயை லேசாகத் தூக்கி, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கிற அளவு காற்றை மட்டும் ஊதினாள். நெஞ்சு எழும்பியது. இன்னொரு தரம். மூன்றாம் முறை ஊதப் போனபோது குழந்தையே இழுத்தான். தும்மல் போல ஒரு சின்ன இருமல். அவ்வளவுதான் அவன் பலம். சாம்பல் நிறம் மெல்ல விலகியது. அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அறையில் பாதிப் பேர் அழுதார்கள்.

"ஜீப்புல ஏறு" என்றாள் சைராகுல்.

ஷாயிர் செருப்பைத் தேடவில்லை. குமுஷ் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஜீப் நகரும்போது ஓடி வந்து கதவைத் திறந்து, ஒரு ஆட்டுத்தோல் போர்வையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.

எண்பது கிலோமீட்டர். குழந்தையைத் துணி சுற்ற விடவில்லை சைராகுல். போர்வைக்குள் ஷாயிரின் வெறும் நெஞ்சில் போட்டு, வயிறு தெரிகிற அளவுக்கு விலக்கி, கண்ணை எடுக்காமல் வந்தாள். வழியில் மூன்று தடவை நின்றது மூச்சு. மூன்று தடவையும் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினாள். இரண்டாம் தடவை குமுஷ் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். சத்தமில்லை, துள்ளல் இல்லை, தூக்கத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் தன் தொடையில் ஓங்கி அறைந்துகொண்டாள். "சாதுப் பிள்ளைன்னு சொன்னேனே! ஊரெல்லாம் சொன்னேனே!"

"வேகமா ஓட்டு" என்றாள் சைராகுல் முன்பக்கம் பார்த்து. அவளுக்குக் குமுஷைத் தேற்ற நேரம் இல்லை, மனமும் இல்லை.

"இதுக்கு மேல ஓட்டினா ஆஸ்பத்திரிக்கு நாமளும் பேஷண்டாத்தான் போவோம்" என்றான் மாம்பெத். ஆனாலும் அழுத்தினான்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள், காலில் ஒரு மெஷினின் கம்பியை மாட்டினார்கள். மூச்சு நின்றால் அது கூவும். முதல் இரண்டு நாள் அது நிறையக் கூவியது.

சைராகுல் அன்றே ஊர் திரும்பினாள். விருந்துக்கு வந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் நுழைந்தாள். பதினோரு பிள்ளைகளுக்கு நோய்; அதில் ஒன்றுதான் கூவியது. ஒருத்திக்கு வெறும் வாந்தி, ஒருவனுக்கு விடாத மூக்கொழுகல், அவ்வளவே. மருந்து கொடுத்தாள், வாய்க்குள் போகிற வரை நின்று பார்த்தாள். யாரும் கேலி பேசவில்லை. சட்டைகள் அவள் கேட்காமலே தூக்கப்பட்டன. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இவ்வளவு சுலபமா இது, இதற்கா இத்தனை நாள் என்று எரிச்சலாக வந்தது.

குழந்தையைச் சேர்த்த பதினோராம் நாள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆக்சிஜனை முந்தின நாள் எடுத்திருந்தார்கள். கம்பி இரண்டு நாளாகக் கூவவில்லை. "பிழைச்சுட்டான்" என்றார் டாக்டர், "ஆனா மூணு மாசம் இருமல் போகாது, சளி பிடிக்கும்போதெல்லாம் திரும்ப வரும், விடாம பாருங்க."

வார்டில் மத்தியான வெயில் விழுந்திருந்தது. குமுஷ் ஊருக்குப் போய் மீரிமோடு இருந்தாள். ஷாயிர் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்துத் தோளில் போட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கணும்."

"கேளு."

"போனவன்... அவனுக்கும் இதேதானா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்மைதான். மூன்று வருஷமாக அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தாள், இப்போது ஷாயிர் கேட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். அன்னிக்கு நான் துணியை விலக்கல ஷாயிர். தூங்கறான்னு சொன்னாங்க. டீ குடுத்தாங்க. பெரியவங்க மனசு கோணக் கூடாதுன்னு நெத்தியை மட்டும் தொட்டுட்டு எழுந்து வந்துட்டேன். என் கண்ணு பட்டுச்சுன்னு ஊர் சொல்லுச்சு. என் கண்ணு படவே இல்ல. நான் பார்க்கவே இல்ல."

ஷாயிர் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள். "உங்களுக்கு டீ ஊத்தினது நான்தான். அன்னிக்குக் காலையில அவன் உதடு ஒரு மாதிரி கறுத்துப்போய்த் தெளிஞ்சது. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க, வாய் வரல. இப்போ விலக்குவாங்க, இப்போ விலக்குவாங்கன்னு உங்க கையையே பார்த்துக்கிட்டு நின்னேன். நீங்க கோப்பையைக் கவுத்து வச்சுட்டு எழுந்துட்டீங்க."

சைராகுல் அழுதாள். மன்னிச்சுக்கோ என்று கேட்கவில்லை. கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஷாயிரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவள் பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, மேல்துணியைக் கழுத்துவரை விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணுங்க அக்கா."

சைராகுல் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்துவிட்டு எண்ணினாள். கண்ணீரில் பாதியில் கணக்குத் தப்பிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஷாயிர் துணியை விடவில்லை.